தாத்தாவுக்குத் தாத்தா… யார் சொன்னது?

புதுச்சேரி எப்படிப் பாண்டிச்சேரி ஆயிற்று என்பதற்கு ஒரு கதை உண்டு. ஊர்க்காரர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்த கதைதான். பிரெஞ்சில் நம் 'உ' ஓசைக்கு 'ஓ', 'யு' என்று இரண்டு எழுத்துப் போட வேண்டும். அப்படிப் போட்டுத்தான் ஊர்ப் பெயரை முதலில் எழுதினார்களாம். எவனோ ஒரு குமாஸ்தா அதை நகல் எடுக்கும்போது, அந்த 'யு'வைத் தலைகீழாகப் பார்த்து 'என்' என்று எழுதிவிட்டான். 'புது' போய் 'போந்தி' வந்தது. அடுத்த குமாஸ்தா இவனைப் பார்த்து எழுதினான். அவனைப் பார்த்து இன்னொருவன்… கடைசியில் உலக வரைபடத்திலேயே ஏறிவிட்டது. 2006-இல் சட்டம் போட்டுத்தான் பழைய பெயரை மீட்க வேண்டியிருந்தது.

அழகான கதை! கையெழுத்தில் 'யு'வும் 'என்'னும் குழம்பக்கூடிய எழுத்துகள்தான், மறுப்பதற்கில்லை. ஆனால், இந்தக் கதையைச் சொல்பவரிடம், 'அந்தப் பிழை எந்தக் காகிதத்தில் இருக்கிறது? எந்த வருஷம்?' என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். 'எல்லாரும் சொல்றாங்களே சார்!' என்பார். ஆக, நகல் பிழையைப் பற்றிய கதையே நகல் மேல் நகலாகத்தான் பரவிக்கொண்டிருக்கிறது.

ஊர்ப் பெயருக்கே இந்தக் கதி என்றால், குடும்பப் பெயர்களுக்கு?

இப்போது வீட்டுக்கு ஒருவர் வம்சாவளி தயாரிக்கிறார். ரிட்டயரான சித்தப்பா, பாரீஸில் இருக்கும் அத்தை பையன், கல்லூரியில் படிக்கும் பேத்தி… யாராவது ஒருவர் செல்போனில் 'ஃபேமிலி ட்ரீ' போட்டு வாட்ஸ்-அப்பில் அனுப்புகிறார். நல்ல காரியம். கொள்ளுத் தாத்தா பெயரே தெரியாமல் வளர்ந்த தலைமுறைக்கு அது ஒரு சந்தோஷம். சிக்கல், அந்த மரம் வளர்கிற விதத்தில்தான் இருக்கிறது.

வம்சாவளி இணையதளங்களில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். ஒருவர் தன் தாத்தாவின் அப்பா பெயரை, பாட்டி சொன்ன ஞாபகத்தில், ஒரு உத்தேசமாகப் பதிகிறார். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட நினைத்து மறந்துவிடுகிறார். இரண்டாவது ஆள் அதைப் பார்த்து, 'அட, நம்ம பெரியவர்!' என்று ஒரே சொடுக்கில் தன் மரத்தில் சேர்த்துக்கொள்கிறார். மூன்றாவது, நாலாவது… பதினோராவது ஆள் வந்து பார்க்கும்போது பத்து மரங்களில் ஒரே பெயர், ஒரே வருஷம். 'பத்து இடத்துல ஒரே மாதிரி இருக்கே, தப்பா இருக்குமா?' என்று அவரும் சேர்த்துக்கொள்கிறார். பத்துப் பேர் சாட்சி என்று அவர் நினைப்பது உண்மையில் ஒரே ஒரு ஆளின் உத்தேசம்!

பி.காம். படித்தவர்களுக்கு இது உடனே புரியும். ட்ரயல் பேலன்ஸ் இரண்டு பக்கமும் பைசா சுத்தமாக டாலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. ஒரு செலவை அடியோடு எழுதாமல் விட்டிருந்தாலும் டாலி ஆகும். அதனால்தான் ஆடிட்டர் கூட்டலைப் பார்த்துத் திருப்திப்படாமல், 'வவுச்சர் எங்கே?' என்று கேட்கிறார்.

வவுச்சரையே தயாரித்துக் கொடுக்கும் ஆசாமிகளும் உண்டு. குஸ்தாவ் அஞ்சு என்று ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். 1863-இல் பிறந்து 1942-இல் இறந்தவர். ஸ்வீடன்காரர், அந்தப் பெயரே சொந்தப் பெயர் இல்லை. பணக்காரக் குடும்பங்களுக்கு வம்ச வரலாறு எழுதித் தருவது தொழில். ஆயிரக்கணக்கான டாலர் கட்டணம். அந்தப் பணத்துக்கு வஞ்சனை இல்லாமல் உழைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும்! நிஜ ஆவணங்களை வரிசையாகக் காட்டிக்கொண்டே வந்து, நடுவில் ஒரே ஒரு இணைப்பைக் கற்பனையாகச் செருகுவார். அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் ஒரு பிரபுவின் குடும்பத்தில் கொண்டுபோய் முடிச்சுப் போடுவார். நூற்றுக்கு மேல் குடும்பங்களுக்கு இப்படிப் போலி வம்சம் கட்டிக் கொடுத்தார். அவர் செத்து எண்பது வருஷம் தாண்டியும், அவர் செருகிய ஆட்கள் இன்னும் இணையத்தில் யார் யாருக்கோ மூதாதையர்களாக வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள்.

நம் ஊரில் பிரபு ஆசை அவ்வளவாகக் கிடையாது. புதுச்சேரியில் ஆசை வேறு மாதிரி. இங்கே பேச்சை ஆரம்பித்தால் முக்கால்வாசிப் பேருடைய எள்ளுத் தாத்தா, டூப்ளே துரையிடம் துபாஷாக இருந்திருப்பார்! டூப்ளே கவர்னராக இருந்தது 1742-லிருந்து 1754 வரை, மொத்தம் பன்னிரண்டு வருஷம். இத்தனை துபாஷ்களும் வரிசையில் நின்றிருந்தால் அவர் மாளிகை வாசல் கடற்கரை வரை நீண்டிருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாட்டின் மற்ற ஊர்க்காரர்கள் பொறாமைப்படுகிற அளவுக்குப் புதுச்சேரியில் நிஜமான காகிதம் இருக்கிறது. 1676-லிருந்து ஆரம்பிக்கின்றன இந்த ஊரின் ஞானஸ்நான, கல்யாண, மரணப் பதிவுகள். அவை கிறிஸ்தவக் கோயில்களின் பதிவேடுகள். இந்துக்கள், முஸ்லிம்கள் உள்பட எல்லாருக்கும் 'எத்தா சிவில்' எனப்படும் சிவில் பதிவு, 19-ஆம் நூற்றாண்டில் படிப்படியாக வந்து 1880-இன் ஆணையோடு முழுசாகப் பிரெஞ்சுச் சட்டத்துக்குள் அடங்கியது.

1761-இல் ஆங்கிலேயர்கள் ஊரைப் பிடித்து, கோட்டை கொத்தளம் வீடு வாசல் எல்லாவற்றையும் தரைமட்டமாக்கினார்கள். அப்படி ஒரு அழிவு பார்த்த ஊரில் காகிதம் எப்படி இத்தனை நாள் தங்கும்? அதில்தான் பிரெஞ்சுக்காரனின் புத்தி இருக்கிறது. 1776 ஜூனில் பதினாறாம் லூயி ஒரு ஆணை போட்டார். காலனிகளில் எழுதப்படும் பதிவுகளுக்கெல்லாம் ஒரு பிரதி எடுத்து, கப்பலேற்றி, வெர்சேய்க்கு அனுப்ப வேண்டும். வெயில், கரையான், புயல், யுத்தம் எது வந்து உள்ளூர்ப் பதிவேட்டைத் தின்றாலும் ராஜாவின் ஊரில் ஒரு நகல் பத்திரமாக இருக்கும். அந்தப் பிரதிகளின் தொடர்ச்சிதான் இன்று தென் பிரான்சில், எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதைப் படமெடுத்து இணையத்திலும் போட்டுவிட்டார்கள். முத்தியால்பேட்டையில் உட்கார்ந்து, நம் ஊர்ப் பதிவேட்டை, பிரான்ஸ் வழியாகப் படிக்கலாம்!

நகல் என்றாலே ஆபத்து என்று நினைக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். நகல் இல்லாவிட்டால் பல குடும்பங்களுக்குச் சரித்திரமே மிஞ்சியிருக்காது. அதே சமயம், எக்ஸ் நகரத்தில் இருப்பது பல இடங்களில் ஒரு குமாஸ்தா பார்த்துப் பார்த்து எழுதிய பிரதி. மத்தியானம் மூணு மணி, ஏப்ரல் வெயில், விசிறி இழுக்கிறவன் தூங்கிவிட்டான்… ஒரு வரி தாவியிருக்கலாம். ஒரு 'மேரி', 'மரியான்' ஆகியிருக்கலாம்.

மேரி என்றதும் ஞாபகம் வருகிறது. கடற்கரைச் சாலையில் இருக்கும் 'மேரி கட்டடம்' தெரியும்தானே? அதற்கும் எந்த மேரி அம்மாளுக்கும் சம்பந்தமில்லை. பிரெஞ்சில் நகராட்சி மன்றத்துக்கு 'மெய்ரி' என்று பெயர். அது நம் வாயில் 'மேரி' ஆகி, ஆங்கிலத்தில் பெண் பெயராகவே எழுதப்பட்டு, அரசாங்கக் குறிப்பு வரை போய்விட்டது. பழைய கட்டடம் 2014 நவம்பரில் இடிந்து விழுந்தது. அதே மாதிரி புதுசாகக் கட்டி 2021-இல் திறந்தார்கள். பெயர் மட்டுமல்ல, இப்போது கட்டடமே நகல்!

பதிவேட்டுக்குத் திரும்புவோம். பிரெஞ்சிந்திய கவர்னராக இருந்த அல்ஃப்ரெட் மார்த்தினோ சரித்திரப் பித்துப் பிடித்தவர். 1911-இல் பிரெஞ்சிந்திய வரலாற்றுக் கழகத்தை ஆரம்பித்தவர். 1676-லிருந்து 1735 வரையிலான புதுச்சேரிப் பதிவுகளை ஒரு புத்தகமாகவே கொண்டுவந்தார். வம்சாவளி தேடுகிறவர்களுக்கு வரப்பிரசாதம். ஆனால், அதன் தலைப்பிலேயே அவர் நேர்மையாகச் சொல்லிவிட்டார்: இது 'சுருக்கம்'. சுருக்கம் என்றால்? எது முக்கியம் என்று யாரோ ஒருவர் தீர்மானித்து, மீதியை விட்டுவிடுவது. அவர் விட்டதில் உங்கள் கொள்ளுப் பாட்டி இருந்தால் உங்களுக்குத் தெரியப் போவதில்லை. புத்தகத்தில் இல்லை என்பதால் பதிவேட்டிலும் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

நகலெடுப்பதன் மொத்தக் கூத்தையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால், ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைத்தான் பார்க்க வேண்டும்.

பிரம்பூரில், அதாவது இன்றைய சென்னைப் பெரம்பூரில், 1709-இல் பிறந்தவர். புதுச்சேரியில் வளர்ந்து, டூப்ளேயின் துபாஷாக உயர்ந்தவர். துபாஷ் கோரிக்கை வைக்கும் வரிசையில் இவர் ஒருவர் நிஜம்! 1736 செப்டம்பர் 6-ஆம் தேதி எழுத ஆரம்பித்தார். 1761 ஜனவரி 12-இல் கண்ணை மூடினார். நாலு நாள் கழித்துப் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. கிட்டத்தட்ட இருபத்தைந்து வருஷம், யார் வந்தார்கள், என்ன பேசினார்கள், எந்தக் கப்பல் என்ன கொண்டுவந்தது, யார் வீட்டில் என்ன விசேஷம் என்று எழுதி வைத்திருக்கிறார்.

அது அப்படியே வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. 1846-இல் கல்வா மோன்ப்ரூன் என்ற பிரெஞ்சு அதிகாரி கண்டுபிடித்து, தனக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டார். அதே காலத்தில் புதுச்சேரியில் வேலை பார்த்த எதுவார் ஆரியேல் என்ற இன்னொரு அதிகாரி வேறொரு நகல் எடுத்தார். ஆரியேல் நகல் பாரீஸ் தேசிய நூலகத்துக்குப் போனது. ஜூலியான் வேன்சோன் என்ற பேராசிரியர் அதை வைத்துப் பிரெஞ்சில் எழுதினார். இந்தப் பக்கம், 1892-இல் சென்னை அரசாங்கத்தின் காதில் விஷயம் போட்டார்கள். அவர்கள் ஒரு நகல் எடுக்க ஏற்பாடு செய்தார்கள். அந்த நகலை வைத்து ஃப்ரெடரிக் ப்ரைஸும் கே.ரங்காச்சாரியும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்கள். 1904-இல் முதல் தொகுதி. பிறகு டாட்வெல் பொறுப்பேற்று, பன்னிரண்டாவது தொகுதி வரும்போது 1928. தமிழில் எழுதப்பட்ட குறிப்பு தமிழில் அச்சேற ஆரம்பித்தது எப்போது தெரியுமா? 1948-இல்! ஆங்கிலத்தில் மொத்தமும் முடிந்து இருபது வருஷம் கழித்து.

இடைப்பட்ட காலத்தில் என்ன ஆகும்? ஆங்கிலத்தைப் பார்த்து மறுபடி தமிழாக்கி, மேற்கோள்குறி போட்டு, 'ஆனந்தரங்கர் சொல்கிறார்' என்று எழுத வேண்டியதுதான். அதில் பேசுவது ஆனந்தரங்கர் அல்ல. ப்ரைஸ் துரை தமிழ் வேஷம் கட்டிக்கொண்டு பேசுகிறார். பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்று நாவலாக்கினாரே, அது வேறு விஷயம். நாவல் என்று சொல்லித்தான் எழுதினார்; ஏமாற்றவில்லை. ஆனால், நாவலில் வரும் சம்பவத்தைச் சரித்திரம் என்று வம்சாவளியில் ஒட்டுகிற ஆட்கள் இருக்கிறார்களே, அவர்களைச் சொல்ல வேண்டும்.

பிள்ளையின் சொந்தக் குடும்பத்தையே பாருங்கள். புதுச்சேரியில் அவர்கள் காலூன்றக் காரணமாக இருந்தவர் நைனியப்பப் பிள்ளை. கம்பெனியின் தலைமைத் தரகர். இவருக்கும் ஆனந்தரங்கரின் அப்பா திருவேங்கடம் பிள்ளைக்கும் என்ன உறவு? ஆங்கிலப் புத்தகங்களில் 'பிரதர்-இன்-லா' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். ஆங்கிலேயனுக்கு அது போதும். நமக்குப் போதுமா? மச்சானா, மைத்துனரா, சகலையா, அக்கா புருஷனா? 'அங்கிள்' என்றால் மாமாவா, சித்தப்பாவா, பெரியப்பாவா? மாமா பெண்ணைக் கட்டலாம். சித்தப்பா பெண் தங்கை! இந்த வித்தியாசத்தை அழித்துவிட்டு ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு மரம் போட்டால், பாதிக் கல்யாணங்கள் விபரீதமாகத் தெரியும். பிரெஞ்சு இன்னும் மோசம். அதில் மாமனாருக்கும், அம்மாவின் இரண்டாவது புருஷனுக்கும் ஒரே வார்த்தைதான், 'போ-பேர்'. பத்திரத்தில் அந்த வார்த்தையைப் பார்த்ததும் அகராதியில் முதல் அர்த்தத்தை எடுத்துப் போட்டால், மாற்றாந் தகப்பன் மாமனார் ஆகிவிடுவார்.

நைனியப்பரின் கதையில் இந்த மொழிமாற்று விளையாட்டு உயிரையே குடித்தது. 1716-இல் கவர்னர் எபேர் அவரைக் கைது செய்தார். சாட்சிகள் தமிழில் சொன்னது போர்ச்சுகீசியத்துக்குப் போய், அங்கிருந்து பிரெஞ்சுக்கு வந்து, பதிவானது. அதை வைத்துத் தண்டனை: ஐம்பது கசையடி, சிறை, சொத்துப் பறிமுதல். அடுத்த வருஷம் சிறையிலேயே செத்துப்போனார். தாங்கள் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பதே தங்களுக்குத் தெரியாது என்று சாட்சிகள் பிறகு சொன்னார்கள். அவருடைய மகன் குருவப்பா விடவில்லை. பாரீஸுக்கே போய் நியாயம் கேட்டார். அங்கே கிறிஸ்தவராகி, செவாலியே பட்டத்தோடு திரும்பினார். அப்பாவின் பெயரிலிருந்த களங்கம் துடைக்கப்பட்டது. சரி, இப்போது அந்த மகனைப் பதிவேட்டில் எந்தப் பெயரில் தேடுவீர்கள்? 'சார்ல்ஸ் ஃபிலிப் லூயி' என்று ஆரம்பித்தால்தான் ஞானஸ்நானத்துக்குப் பிறகான குருவப்பா கிடைப்பார். இரண்டும் ஒரே ஆள் என்று தெரியாமல் மரம் போட்டால் நைனியப்பருக்கு ஒரு பிள்ளை கூடுதல்.

இன்னொரு பொறி. ஆனந்தரங்கரின் அப்பா பெயர் திருவேங்கடம். தம்பி பெயரும் திருவேங்கடம். பெரியவருக்குப் பிறகு நாட்குறிப்பைத் தொடர்ந்து எழுதிய தம்பி மகன் பெயரிலும் திருவேங்கடம்! பேரன் என்றாலே 'பெயரன்', தாத்தா பெயரைச் சுமப்பவன். நமக்கு அது பாசம். கம்ப்யூட்டருக்கு அது 'டூப்ளிகேட்'. 'இந்த இருவரும் ஒரே நபரா? இணைக்கவா?' என்று கேட்கும். அவசரத்தில் ஆமாம் என்று தட்டினால் தாத்தாவும் பேரனும் ஒன்றாகி, ஒரே ஆள் நூற்றிருபது வயசு வாழ்ந்து, தன் பாட்டியையே கல்யாணம் செய்துகொண்டிருப்பார்.

தேதி விவகாரம் இதைவிட ரசமானது. பிள்ளை தமிழ் வருஷம் போட்டு எழுதுகிறவர். அவர் ஆரம்பித்தது நள வருஷம். நம் வருஷப் பெயர்கள் அறுபது வருஷத்துக்கு ஒரு முறை சுற்றி வருபவை. 1736 நள என்றால், 1796-ம் நள, 1856, 1916, 1976 எல்லாமே நள. வீட்டுப் பரணில் கிடைக்கும் ஜாதக ஓலையில் 'நள வருஷம் ஆவணி மாதம்' என்று மட்டும் இருந்தால், அது தாத்தாவா, அவருக்குத் தாத்தாவா? ஓலையில் இருக்கும் கிரக நிலையை வைத்துக் கணக்குப் போட்டால் சொல்லிவிடலாம். ஆனால், யார் போடுகிறார்கள்? தோதான ஒரு நளவில் உட்கார வைத்துவிடுகிறார்கள்.

இங்கிலீஷ் தேதி பத்திரம் என்று நினைக்காதீர்கள். 1752 வரை சென்னை ஆங்கிலேயர்கள் பழைய ஜூலியன் காலண்டரில் இருந்தார்கள். புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் புது கிரிகோரியனில். வித்தியாசம் பதினோரு நாள். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள் அல்லவா? பிரெஞ்சுக் கணக்கில் செப்டம்பர் 21. ஆங்கிலக் கணக்கில் செப்டம்பர் 10. ஒரே நாள், ஒரே கோட்டை! அந்தக் காலத்தில் சென்னையில் பெண் எடுத்த புதுச்சேரிக் குடும்பத்துக்கு, இரண்டு ஊர்க் காகிதத்திலும் தேதி ஒத்துப்போனால்தான் சந்தேகப்பட வேண்டும்.

எழுத்துக்கூட்டல் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம். 'பிள்ளை'யைப் பிரெஞ்சுக் குமாஸ்தா இலக்கணப்படி எழுதவில்லை. நம் ஆட்கள் வாயில் வந்தபடி 'புள்ளே' என்று காதில் வாங்கி எழுதினான். 'முத்து'வில் இரண்டு உகரம், இரண்டுக்கும் 'ஓ-யு'. ஆங்கிலம் மட்டும் படித்த பேரன் அதைப் பார்த்து 'மவுட்டவு' என்று வாசித்து, தாத்தா வெளிநாட்டுக்காரரோ என்று யோசிக்கிறான். உழவர்கரை 'ஊல்கரே' ஆகிவிட்டது.

இது சிரிப்போடு போகிற விஷயம் இல்லை. அடிமை முறை 1848-இல் ஒழிந்த பிறகு, புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக ரீயூனியன் தீவுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பல் கப்பலாக ஆட்கள் போனார்கள். 1882-இல் பிரிட்டிஷ் அரசு அதை நிறுத்தியது. அவர்களின் வாரிசுகள் இன்று நம் ஊருக்கு வேர் தேடி வருகிறார்கள். கையில் இருப்பது ஒரு பதிவு எண், ஒரு பெயர், பிரெஞ்சுக் காதில் விழுந்த ஒரு கிராமத்தின் பெயர். அங்கே 'ராமசாமி' என்பது குடும்பப் பெயராகவே நிலைத்துவிட்டது. கப்பலில் இறங்கிய எந்தெந்த ராமசாமியோ, ஒருவருக்கொருவர் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அவரவர் பிள்ளைகளுக்கு அதுவே வம்சப் பெயர். இணையத்தில் எல்லா ராமசாமிகளையும் ஒரே மரத்தில் கட்டி வைத்தால், தேடி வருகிறவர் யாருடைய கிராமத்துக் குலதெய்வத்துக்கோ பொங்கல் வைத்துவிட்டுக் கண்ணீரோடு திரும்பிப் போவார்.

புதுச்சேரிக்குள்ளேயே ஒரு நகல் என்ன செய்யும் என்பதற்கு 'பிரெஞ்சு நேஷனாலிட்டி'யைவிடப் பெரிய உதாரணம் வேண்டாம். 'சொல்தா' பென்ஷன் வாங்கும் வீடுகளுக்கும், கல்யாணச் சந்தையில் 'நேஷனாலிட்டி வரன்' தேடிய வீடுகளுக்கும் இதன் கனம் தெரியும்.

1954 அக்டோபர் 18-இல் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய விரும்பினார்கள். நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. ஆனால், சட்டப்படி ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1956 மே 28-இல்தான் கையெழுத்தானது. அது நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-இல். இந்தப் பகுதியில் பிறந்து இங்கேயே வசித்தவர்கள் இந்தியக் குடிமக்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். கல்யாணமாகாத, 18 வயசு நிறையாத பிள்ளைகளுக்கு அப்பாவின் முடிவே முடிவு. வேறு எங்கோ, உதாரணமாக சைகோனில், பிறந்தவருக்கு விதி வேறு.

யோசித்துப் பாருங்கள். 'பிறந்த இடம்' என்று ஒரு கட்டம், 'பிறந்த தேதி' என்று ஒரு கட்டம். அந்த இரண்டு கட்டத்தில் இருப்பதை வைத்து ஒரு பரம்பரையே பிரெஞ்சுக்காரரா, இந்தியரா என்பது தீர்மானமாகிறது. பள்ளியில் சேர்ப்பதற்காக ஒரு வயசு கூட்டிப் போட்ட சங்கதி நம் வீடுகளில் சகஜம். சைகோனில் பிறந்த பிள்ளையை ஊருக்கு வந்தபின் காரைக்காலில் பிறந்ததாகச் சொல்லி வைத்த வீட்டில், அறுபது வருஷம் கழித்துப் பேரன் விண்ணப்பம் போடுகிறான். எக்ஸில் இருக்கும் பழைய பதிவு ஒன்று சொல்லும். பிற்காலப் பதிவுகளை வைத்திருக்கும் நாந்த் நகர அலுவலகம் ஒன்று சொல்லும். புதுச்சேரி சர்ட்டிபிகேட் ஒன்று சொல்லும். பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 47-ஆவது பிரிவு, வெளிநாட்டுப் பிறப்புச் சான்றை நம்பச் சொல்கிறது. ஆனால், அதில் முறைகேடோ, போலியோ, உண்மைக்கு மாறான தகவலோ தெரிந்தால் நம்ப வேண்டியதில்லை என்றும் சொல்கிறது. அங்கே போய் நின்று 'இணையத்தில் எங்கள் வம்சாவளி இருக்கிறது சார்' என்று காட்டினால், நீதிபதி ஒரே ஒரு கேள்வி கேட்பார். ஆடிட்டர் கேட்கும் அதே கேள்வி.

கடைசியாக, பெயரையே மாற்றிக்கொண்டவர்கள். 1873-இல் பொன்னுத்தம்பி என்ற வழக்கறிஞர், ஐரோப்பிய பாணியில் காலுறையும் ஷூவும் போட்டுக்கொண்டு புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் போனார். இந்தியன் ஷூவோடு உள்ளே வரக்கூடாது என்று தடுத்தார்கள். மனிதர் பாரீஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார். 1881 செப்டம்பர் 21-இல் ஒரு ஆணை வந்தது. சாதி, மதம் சார்ந்த தங்கள் சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வர விரும்பும் இந்தியர்கள் எழுதிக் கொடுக்கலாம். கூடவே ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ள வேண்டும். முன்னால் நின்றவர் பொன்னுத்தம்பிதான். மற்றவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டவர் என்பதால் அவர் வைத்துக்கொண்ட பெயர் 'லாபோர்த்'. பிரெஞ்சில் 'கதவு' என்று அர்த்தம். அவரைத் தொடர்ந்து பலர் பிரெஞ்சுப் பெயர்களுக்கு மாறினார்கள்.

அழகான பெயர், அழகான காரணம். ஒரே ஒரு சங்கடம். பிரான்சில், முக்கியமாகத் தென்மேற்குப் பக்கம், அசல் வெள்ளைக்கார லாபோர்த்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். புதுச்சேரியிலிருந்து அந்தப் பெயரை இணையதளத்தில் தட்டினால், எந்திரம் நொடியில், 'உங்கள் மூதாதையருக்குப் பொருத்தம் கிடைத்தது!' என்று போர்தோ பக்கத்து விவசாயி ஒருவரை நீட்டும். 'சேர்க்கவா?' என்று பச்சைப் பொத்தானையும் காட்டும். அதை விட்டுவிட்டு, 1880-களில் எழுதிக் கொடுத்த அந்தத் துறவு அறிவிப்பைத் தேடிப் போகிறவருக்குத்தான், பழைய தமிழ்ப் பெயரும் புதிய பிரெஞ்சுப் பெயரும் ஒரே காகிதத்தில் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கும்.